குழந்தை மருந்தும் பூனையின் கல்லீரலும்

பூனைக்கு உடம்பு சரியில்லை என்று தோன்றினால் நம் கை முதலில் அதன் காதுக்குத்தான் போகும். காது சுட்டால் காய்ச்சல் என்று முடிவு செய்துவிடுவோம். கூடவே இரண்டு நாளாகத் தும்மல், கண்ணோரம் பீளை, மீன் வைத்தால்கூட முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறது என்றால், அடுத்து அலமாரியில் இருக்கும் குழந்தைகளுக்கான பாராசிட்டமால் பாட்டில் நினைவுக்கு வரும். பச்சைப் பிள்ளைக்கே கொடுக்கிற மருந்து, பூனைக்குக் கால் மூடி கொடுத்தால் என்ன ஆகிவிடப் போகிறது? அன்பினால் எழும் கேள்வி இது. பூனை வளர்க்கிற பலருக்கும் ஏதோ ஒரு நாள் வந்திருக்கும். இதற்கு விடை தெரிந்துவிட்டால் பூனை வைத்தியத்தில் மற்ற பலவும் தானாகப் புரிய ஆரம்பிக்கும். ஆகவே அவசரப்படாமல் அங்கிருந்தே தொடங்குவோம்.

முதலில் அந்தச் சூடு. நமக்கு இயல்பான உடல் வெப்பம் 98.6 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டியது. நலமாக ஓடியாடும் பூனையின் வெப்பமோ 100.5 முதல் 102.5 வரை இருக்கும். நமக்குக் காய்ச்சல் அடிக்கிற அளவுதான் பூனைக்கு அன்றாடம். அதனால் எந்தப் பூனையைத் தொட்டாலும் நம் கைக்குச் சற்றுச் சூடாகத்தான் இருக்கும். காது மடலோ வெயிலில் படுத்திருந்தால் சுடும், குளிர்ந்த தரையில் படுத்திருந்தால் சில்லிடும். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. காய்ச்சலை உறுதி செய்ய ஒரே நம்பகமான வழி, டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனையில் கொஞ்சம் வாசலின் தடவி ஆசனவாயில் மெதுவாக வைத்துப் பார்ப்பது. 103க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். 104ஐத் தொட்டால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

சரி, உண்மையிலேயே காய்ச்சல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதாவது பாராசிட்டமால் கொடுக்கலாமா? கூடாது. ஒரு சொட்டுகூடக் கூடாது. ஏன் என்று பார்க்க நாம் கல்லீரலுக்குள் போக வேண்டும்.

எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளை நினைத்துக்கொள்ளுங்கள். தலையில் ஊறிய எண்ணெயின் மேல் எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும் எண்ணெய் அசையாது, தண்ணீர்தான் வழிந்தோடும். சீயக்காயைக் குழைத்துத் தேய்த்த பிறகுதான் எண்ணெய் தண்ணீரோடு சேர்ந்து இறங்குகிறது. நாம் விழுங்கும் மருந்துகளில் பலவும் அந்த எண்ணெயின் நிலையில்தான் இருக்கின்றன. அப்படியே சிறுநீரில் கரைந்து எளிதாக வெளியேறிவிடுவதில்லை. கல்லீரல் அவற்றோடு குளுகுரோனிக் அமிலம் என்ற பொருளைப் பிணைக்கிறது. சர்க்கரையிலிருந்து உடலே தயாரித்துக்கொள்ளும் பொருள் அது. பிணைத்ததும் மருந்து நீரில் நன்றாகக் கரையத் தொடங்கும், சிறுநீரோடும் பித்தத்தோடும் வெளியே போய்விடும். குளுகுரோனிக் அமிலம்தான் கல்லீரல் வைத்திருக்கும் சீயக்காய். அதைத் தேய்த்துவிடும் கைகள், நொதிகள். வேதி மாற்றங்களை வேகப்படுத்தும் புரதங்களுக்கு நொதி என்று பெயர்.

பாராசிட்டமாலுக்கு இந்தச் சீயக்காயைத் தேய்க்கும் முக்கியமான நொதியின் பெயர் யுஜிடி1ஏ6. பூனைக்கு அந்த நொதியே கிடையாது. அதைச் செய்வதற்கான மரபணு பூனையின் உடலில் இருக்கிறது, ஆனால் பழுதுபட்டுச் செயலிழந்து கிடக்கிறது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் இதை மரபணு அளவில் காட்டினார்கள். வீட்டுப் பூனைக்கு மட்டும் நேர்ந்த பழுது அன்று என்பது 2011இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில் தெரிந்தது. சிங்கமும் சிவிங்கிப்புலியும் உட்படப் பூனைக் குடும்பம் முழுவதிலும் அந்த மரபணு இப்படியே பழுதாகியிருக்கிறது. பூனைக் குடும்பத்தைச் சேராத பழுப்புக் கழுதைப்புலியிடமும் வட கடல் யானையிடமும்கூட இதே பழுது உண்டு. இவை எல்லாமே பெரும்பாலும் இறைச்சியை நம்பி வாழ்பவை என்பதை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். செடிகொடிகள் தங்களைக் காத்துக்கொள்ளப் பலவகை நச்சுகளை வைத்திருக்கின்றன. இலை, காய், கிழங்கு தின்கிற உயிருக்கு அவற்றைக் கழுவித் தள்ளும் நொதி அன்றாடம் தேவைப்படுகிறது. எலியும் குருவியும் பிடித்துத் தின்கிற உயிருக்கு அந்தத் தேவை இல்லை. பயன்படாத மரபணுவில் பழுது விழுந்தாலும் அதைச் சலித்து நீக்க இயற்கைக்குக் காரணம் இருக்காது. இப்படித்தான் அவர்கள் விளக்குகிறார்கள். எனக்கும் இது பொருத்தமாகவே படுகிறது.

இனி, பாராசிட்டமால் பூனையின் வயிற்றுக்குள் போய்விட்டால் நடப்பதைப் பார்ப்போம். முக்கிய வழி அடைபட்டிருப்பதால் மருந்து உடலிலேயே சுற்றுகிறது. ஒரு பகுதி வேறொரு வழியில் உடைந்து நச்சுப்பொருளாக மாறுகிறது. நம் உடலிலும் இந்த நச்சு சிறிதளவு உண்டாகத்தான் செய்கிறது; குளுட்டாத்தையோன் என்ற பொருள் அதைப் பிடித்து அடக்கிவிடுகிறது. பூனையின் உடலில் நச்சு மிகுதியாக உண்டாகி, கையிருப்பில் உள்ள குளுட்டாத்தையோன் தீர்ந்துபோகிறது. அதன் பிறகு நச்சு சிவப்பணுக்களைத் தாக்குகிறது. ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின் உருமாறி, சுமக்கும் திறனை இழக்கிறது. சில மணி நேரத்திலேயே பூனை மூச்சிரைக்கும், சோர்ந்து படுக்கும், வாயில் எச்சில் வடியும். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு சாம்பல் நிறமாகவோ பழுப்பாகவோ மாறும். முகமும் பாதங்களும் வீங்கக்கூடும். பூனை நன்றாகத்தான் மூச்சு விடுகிறது, ஆனால் அந்த மூச்சை உடலுக்குக் கொண்டு சேர்க்க ரத்தத்தால் முடியவில்லை.

அளவைக் குறைத்துக் கொடுத்தால் தப்பிக்கலாமே என்றுதான் அடுத்து தோன்றும். எல்லோரும் இடறும் இடம் இது என்பதால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு கிலோ எடைக்கு 10 மில்லிகிராம் பாராசிட்டமாலிலேயே பூனைகளுக்கு நஞ்சேறியது பதிவாகியிருக்கிறது. நம் வீட்டுப் பூனை 4 கிலோ என்றால் 40 மில்லிகிராம். குழந்தைகளுக்கான சிரப் வகைகளில் 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள வகை ஒன்று உண்டு. அதில் ஒரே மில்லியில் 50 மில்லிகிராம் இருக்கிறது. பெரியவர்கள் போடும் 500 மில்லிகிராம் மாத்திரையில் கால்வாசி உடைத்தாலும் 125 ஆகிவிடும். அதே 4 கிலோ எடையுள்ள கைக்குழந்தைக்கு மருத்துவர் ஒரு வேளைக்கு 40 முதல் 60 மில்லிகிராம் வரை எழுதக்கூடும். குழந்தை அதை நல்லபடியாகச் சமாளித்துக்கொள்ளும். இரண்டு உடல்களுக்கும் எடை ஒன்றே. ஒன்றின் கல்லீரலில் அந்த நொதி போதிய அளவு இல்லாவிட்டாலும் ஈடுகட்ட வேறு வழிகள் உண்டு, மற்றொன்றின் கல்லீரலில் அந்த வழிகளும் குறுகல். "குழந்தைக்குக் கொடுப்பதில் பாதி" என்ற கணக்கு எடையை மட்டும் பார்க்கிறது. பூனையைச் சின்ன மனிதனாகவோ சின்ன நாயாகவோ எண்ணிப் போடும் எந்தக் கணக்கும் இப்படித்தான் பிசகும்.

யாரோ தெரியாமல் கொடுத்துவிட்டார்கள் என்றால் பூனை நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்க வேண்டாம். அறிகுறி தெரியும் முன்பே மருத்துவரிடம் போய்விடுவது பூனைக்கு நல்லது. என்-அசிட்டைல்சிஸ்டைன் என்ற மாற்று மருந்து இருக்கிறது. தீர்ந்துபோன குளுட்டாத்தையோனை உடல் மறுபடி உண்டாக்கிக்கொள்ள அது மூலப்பொருள் தருகிறது. நேரத்தோடு போனால் பிழைத்துவிடும் பூனைகள் நிறைய. வீட்டில் உப்புக் கரைசல் ஊற்றி வாந்தி எடுக்க வைக்க முயல்வது ஆபத்தைக் கூட்டும்.

கல்லீரலின் இந்தக் குறை தெரிந்துவிட்டால், வீட்டில் வேறு எதெல்லாம் பூனைக்கு ஆகாது என்பதையும் நாமே ஊகித்துவிடலாம். தரை துடைக்கும் ஃபினைலில் இருக்கும் ஃபீனால் வகைப் பொருட்களுக்கும் இதே சீயக்காய் வேண்டும். பூனை ஈரத் தரையில் நடந்து, பிறகு பாதத்தை நக்கிச் சுத்தம் செய்துகொள்கிறது. புண்ணைக் கழுவ நாம் எடுக்கும் டெட்டாலும் ஃபீனால் குடும்பத்தைச் சேர்ந்த பொருளால் ஆனது. சளி பிடித்த பூனையின் நெஞ்சில் தைலம் தடவுவது, கற்பூரம் கரைத்த எண்ணெய் தேய்ப்பது, நீலகிரித் தைலம் விட்டு ஆவி பிடிக்க வைப்பது எல்லாம் நமக்குப் பழகிய கைவைத்தியங்கள். பூனைக்கு இவற்றில் ஒன்றும் வேண்டாம். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் அதன் ஒரு சொட்டே பூனைக்கு வலிப்பை வரவழைக்கலாம். நாய்க்கும் பூனைக்கும் ஒரே மருந்து என்று கடைக்காரர் சொன்னாலும் அட்டையைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

இப்போது அந்தத் தும்மலுக்குத் திரும்புவோம். பூனைச் சளியில் பெரும்பகுதிக்குக் காரணம் இரண்டு வைரஸ்கள்: பூனை ஹெர்பீஸ் வைரஸ், பூனை கேலிசி வைரஸ். ஹெர்பீஸ் என்றால் தும்மலும் கண்ணெரிச்சலும் கூடுதலாக இருக்கும். கேலிசி என்றால் நாக்கில் புண் வந்து எச்சில் வடியும். இவை வைரஸ்கள் என்பதால் ஆன்டிபயாடிக்குக்கு அசையாது. ஆன்டிபயாடிக் என்பது பாக்டீரியாக்களைத் தாக்கும் மருந்து. வைரஸிடம் அதற்கு வேலை இல்லை. மூக்கில் தெளிந்த நீர் வடிகிறது, பூனை சாப்பிடுகிறது, நடமாடுகிறது என்றால் பத்து நாள் வரை நல்ல பராமரிப்போடு பொறுத்திருக்கலாம். பெரும்பாலான பூனைகள் அதற்குள் தேறிவிடும். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டிப்பட்டு, அதோடு காய்ச்சலும் சோர்வும் பசியின்மையும் சேர்ந்தால், வைரஸ் புண்ணாக்கிய இடத்தில் பாக்டீரியாவும் குடியேறியிருக்கலாம். அப்போதுதான் மருத்துவர் ஆன்டிபயாடிக் எழுதுவார். பல நேரங்களில் டாக்ஸிசைக்ளின்.

போன வருடம் நமக்கு எழுதிக் கொடுத்து மிஞ்சிய ஆன்டிபயாடிக்கை எடுத்துப் பொடித்துக் கொடுக்கும் வழக்கம் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. வைரஸ் தானே அடங்கும் நாளில் அந்த மாத்திரை உள்ளே போயிருக்கும். பூனை தேறியதும் பெருமை மாத்திரைக்குப் போய்விடும். அடுத்த முறையும் அதையே தேடுவோம். இடையில், உடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் அரைகுறை மருந்துக்குப் பழகித் தாக்குப்பிடிக்கக் கற்றுக்கொள்ளும். நிஜமாகவே மருந்து தேவைப்படும் நாளில் அது கைகொடுக்காது.

ஹெர்பீஸ் வந்த பூனைக்கு இன்னொரு விஷயம் உண்டு. நோய் தணிந்த பிறகும் வைரஸ் முகத்து நரம்பின் முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்கிறது. வீடு மாற்றினாலோ, புதுப் பூனை வந்தாலோ, பிரசவித்தாலோ, ஊருக்குப் போகும்போது வேறிடத்தில் விட்டுவிட்டுப் போனாலோ, அந்த மிரட்சியில் மறுபடி கிளம்பும். வருடத்துக்கு இரண்டு தடவை ஒரே கண்ணில் நீர் வடிகிற பூனையை நாம் பார்த்திருப்போம். அதற்கு மருந்து சரியில்லை என்று பொருள் கொள்ள வேண்டாம். வைரஸின் இயல்பே அது. இந்தக் கண்ணுக்கு மட்டும் வீட்டில் கிடக்கும் சொட்டு மருந்தைப் போட்டுவிடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், ஹெர்பீஸ் உண்டாக்கிய சிறு புண் ஆழமாகிக் கண்ணே போய்விடக்கூடும்.

சளியில் மருந்தைவிடப் பெரிய வேலை சாப்பிட வைப்பது. பூனை வாசனை பிடித்துத்தான் உண்ணும். மூக்கு அடைத்தால் உணவு அதற்கு உணவாகவே தெரியாது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் மூக்கையும் கண்ணையும் துடைத்துவிடுங்கள். குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு ஆவி நிறைந்ததும் பூனையோடு பத்து நிமிடம் உட்கார்ந்திருங்கள். தண்ணீரில் எதையும் கலக்க வேண்டாம். மத்தி மீனையோ கோழி ஈரலையோ வேகவைத்து, மசாலா இல்லாமல், இளஞ்சூட்டில் மசித்து வையுங்கள். சூடு ஏறினால் வாசனை எழும். இரண்டு மூன்று நாள் எதுவும் உண்ணாத பூனையின் உடல், சேமித்த கொழுப்பை அவிழ்த்துக் கல்லீரலுக்கு அனுப்பும். அவ்வளவையும் பூனையின் கல்லீரலால் கையாள முடியாமல் கொழுப்பு அங்கேயே படிந்து மஞ்சள் காமாலை வரும். கொழுத்த பூனைகளுக்கு இது இன்னும் சீக்கிரம் நேரும். நோய் சாதாரணச் சளியாக இருந்தும் பட்டினியால் உயிர் போவது இப்படித்தான். ஆகவே ஒரு முழு நாள் உண்ணவில்லை என்றாலே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

ஆன்டிபயாடிக் நிஜமாகவே வேண்டியிருக்கும் தொற்று ஒன்றையும் பார்த்துவிடுவோம். தெருவில் சண்டை போட்டுவிட்டு வரும் கடுவன் பூனைக்கு மறுநாள் பார்த்தால் காயமே தெரியாது. கோரைப்பல் ஊசியாகக் குத்தி ஆழத்தில் பாக்டீரியாவை விட்டுவிட்டு வெளியே வந்துவிடும். மேல் தோல் ஒரே நாளில் மூடிக்கொள்ளும். பூனைகளின் வாயில் இயல்பாக வாழும் பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா அப்படி உள்ளே போகும் கிருமிகளில் முக்கியமானது. இரண்டு முதல் நான்கு நாளில் தலையிலோ முன்காலிலோ வாலடியிலோ வீக்கம், காய்ச்சல், தொட்டால் சீற்றம். உள்ளே சீழ் கட்டியிருக்கிறது. சீழுக்குள் ரத்த ஓட்டம் இல்லாததால் மாத்திரை மட்டும் கொடுத்தால் மருந்து அங்கே போய்ச் சேராது. மருத்துவர் கீறிச் சீழை வடித்துக் கழுவிவிட வேண்டும், கூடவே ஆன்டிபயாடிக்கும் வேண்டும். கட்டி தானே உடைந்துவிட்டால் அரை லிட்டர் கொதித்தாறிய நீரில் ஒரு சிறு கரண்டி உப்பைக் கரைத்து அதனால் கழுவிக்கொண்டே அழைத்துப் போகலாம். மஞ்சளை அப்பிக் கட்டியின் வாயை மூடிவிடாதீர்கள்; சீழ் வடிய வழி திறந்திருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறானது சிறுநீர்ப் பிரச்சினை. பூனை அடிக்கடி போய் உட்கார்ந்து முக்குகிறது, சொட்டுச் சொட்டாக வருகிறது, ரத்தம் கலந்திருக்கிறது என்றால் நமக்கு உடனே கிருமித் தொற்று என்றுதான் தோன்றும். பத்து வயதுக்குட்பட்ட பூனைகளில் அப்படி இருப்பது மிக அரிது. பெரும்பாலும் மன அழுத்தத்தோடு தொடர்புடைய சிறுநீர்ப்பை அழற்சி அது. கடுவனுக்குச் சிறுநீர்க் குழாய் குறுகலானது. அழற்சிக் கசடோ சிறு கல்லோ வந்து அடைத்துவிட்டால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. முக்கியும் ஒரு சொட்டும் வரவில்லை என்றால் ஆன்டிபயாடிக், இளநீர், பார்லித் தண்ணீர் என்று எதற்கும் காத்திருக்க வேண்டாம். நள்ளிரவானாலும் கிளம்ப வேண்டிய நோய் இது.

காதைச் சொறிந்துகொண்டே இருந்து உள்ளே கறுப்பு உதிரி அழுக்கு தெரிந்தால் அது காதுச் சிற்றுண்ணியாக இருக்கலாம். வட்ட வட்டமாக முடி உதிர்ந்தால் படர்தாமரை. அது பூஞ்சை, பிள்ளைகளுக்கும் ஒட்டும், குணமாக வாரக்கணக்கில் ஆகும். இரண்டுக்கும் தனித்தனி மருந்து உண்டு.

மருந்து எழுதி வாங்கி வந்தாயிற்று. இனிதான் பலருக்கும் பெரிய சோதனை. முதலில் நினைவுக்கு வருவது தேன், வெல்லம், வாழைப்பழம். பிள்ளைகளை இப்படித்தானே ஏமாற்றினோம்? பூனையிடம் பலிக்காது. பூனைக்கு இனிப்பே தெரியாது. இனிப்பை உணரும் நாவேற்பிக்கு இரண்டு மரபணுக்கள் வேண்டும். அதில் ஒன்று பூனையிடம் பழுதாகிக் கிடக்கிறது என்று பிலடெல்ஃபியாவில் உள்ள மோனெல் ஆய்வு மையத்தினர் 2005இல் காட்டினார்கள். பழத்தைத் தேடாத வேட்டைக்காரனுக்கு இனிப்பும் தேவைப்படாமல் போயிருக்கிறது. கசப்பை மட்டும் பூனை நன்றாகவே உணரும். ஆகவே மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்தால் அதற்குக் கிடைப்பது வெறும் கசப்பு. ஈரல் துண்டுக்குள்ளோ மீன் மசியலுக்குள்ளோ முழு மாத்திரையைப் பொதிந்து, ஒரே வாயில் விழுங்கும் அளவில், பசித்திருக்கும் நேரத்தில் கொடுங்கள். முழுத் தட்டில் கலக்க வேண்டாம். கசப்பு தெரிந்துவிட்டால் பூனை அந்த உணவையே வெறுத்துவிடும். டாக்ஸிசைக்ளினைப் பாலோடும் கொடுக்க வேண்டாம். பாலின் கால்சியம் அதைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாமல் செய்யும்.

உணவில் ஏமாறாத பூனைக்குக் கையால்தான் கொடுக்க வேண்டும். பூனையைக் கழுத்துவரை ஒரு துண்டில் சுற்றி, அதன் முதுகு நம் வயிற்றைத் தொடுகிற மாதிரி மடியில் உட்கார வையுங்கள். எதிரே நின்று கொடுத்தால் அது பின்னால் நகரும்; பின்னால் நாம் இருந்தால் நகர இடமில்லை. இடது கையை மேலிருந்து கொண்டுவந்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இரு கன்ன எலும்புகளிலும் படும்படி தலையைப் பிடித்து, மூக்கு மேல்நோக்கும்படி மெல்லச் சாய்த்தால் கீழ்த்தாடை தானாகவே தளரும். வலக்கையின் நடுவிரலால் கீழ் முன்பற்களை அழுத்தித் திறந்து, மாத்திரையை நாக்கின் நடுவில் முடிந்தவரை பின்னால் போடுங்கள். வாயை மூடித் தொண்டையைத் தடவிவிடுங்கள். மூக்கை நாக்கால் நக்கினால் பெரும்பாலும் விழுங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். பிடியில் உறுதி வேண்டும், கோபம் கூடாது. பத்து விநாடிக்குள் முடியவில்லை என்றால் விட்டுவிட்டுச் சற்றுப் பொறுத்து மறுபடி முயலலாம்.

அதோடு வேலை முடிந்துவிடவில்லை. பலர் விட்டுவிடும் ஒரு படி மிச்சமிருக்கிறது: தண்ணீர். தண்ணீரில்லாமல் விழுங்கிய மாத்திரை பூனையின் உணவுக்குழாயில் பல நிமிடம் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. டாக்ஸிசைக்ளின் அப்படி நின்றால் அந்த இடத்தையே பொசுக்கிவிடும். புண் ஆறும்போது குழாய் சுருங்கி, பிறகு உணவே இறங்காமல் போகும். சளிக்குக் கொடுத்த மருந்தால் பூனை விழுங்க முடியாமல் ஆகிவிடுவது எவ்வளவு வருத்தம்! மாத்திரை போனதும் ஊசி கழற்றிய சிரிஞ்சில் 5, 6 மில்லி தண்ணீரை எடுத்துக் கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், அல்லது பிடித்த உணவை ஒரு வாய் உண்ண வையுங்கள். மாத்திரையின் மேல் துளி நெய் தடவினால் வழுக்கிக்கொண்டு இறங்கவும் உதவும்.

நீர் மருந்தும் அதே கடைவாய் வழிதான். நேராகத் தொண்டையை நோக்கிப் பீய்ச்சினால் மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வரும். தலையை அண்ணாத்திப் பிடிக்காமல் இயல்பாக வைத்து, ஒவ்வொரு முறையும் அது விழுங்கும்வரை காத்திருங்கள். கசப்பு மருந்து பட்டதும் சில பூனைகள் வாயெல்லாம் நுரை தள்ளும். மெட்ரோனிடசோலுக்கு இது மிகச் சாதாரணம். கசப்பை வெளியேற்ற எச்சில் பெருகுவதுதான் அந்த நுரை, பயப்பட வேண்டாம். ஆனால் பாதி மருந்து வெளியே போயிருக்கும். இன்னொரு முறை கொடுப்பதா என்பதை மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள், நாமாகக் கொடுத்தால் இரட்டிப்பாகிவிடலாம். பூனை மருந்தை மிகவும் வெறுக்கிறது என்றால் அதையும் சொல்லுங்கள். ஊசியாகவோ வேறு வடிவிலோ கொடுக்க வழியிருக்கலாம்.

இந்தப் போராட்டத்தில் நம் விரலில் பல் பட்டுவிட்டால் சின்னப் புள்ளிதானே என்று விடக்கூடாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். அதே பாஸ்டுரெல்லா ஒரே நாளில் கையை வீங்கவைக்கும். ரேபீஸ் பூனை மூலமும் வரும். தடுப்பூசி பற்றி மருத்துவர் முடிவு செய்யட்டும்.

முன்பு பார்த்த பூனைச் சளியையும் பூனைக்கே உரிய பார்வோ வைரஸ் கழிச்சலையும் தடுக்கும் கூட்டுத் தடுப்பூசி கிடைக்கிறது. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, சில வார இடைவெளியில் திரும்பப் போட வேண்டும். ரேபீஸ் ஊசி தனி. சளி வைரஸ்களை இந்த ஊசி முழுமையாகத் தடுத்துவிடாது, வந்தாலும் பூனை உண்டு உறங்கித் தேறிவிடும் அளவுக்குத் தணித்துவிடும். கழிச்சல் நோயிலிருந்து தரும் காப்பு மிக உறுதியானது. மாட்டாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் அரசுக் கால்நடை மருந்தகங்களில் பூனையையும் பார்ப்பார்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு, 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனை இருக்கிறது.

மருத்துவரிடம் போகும்போது பூனையின் எடையைத் தெரிந்துகொண்டு போனால் பெரிய உதவி. பூனையைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் ஏறி நின்று, பிறகு தனியாக நின்று, கழித்துப் பாருங்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டது, எப்போது சிறுநீர் போனது என்பதையும் சொல்லுங்கள். வீட்டிலிருந்து எதையாவது கொடுத்திருந்தால் அந்த அட்டையையோ பாட்டிலையோ கையோடு எடுத்துப் போய், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். திட்டுவார்களோ என்று மறைக்க வேண்டாம். சிகிச்சை அந்த மணிக்கணக்கை வைத்துத்தான் தொடங்கும்.